குற்றவாளி எண் 1: ஒரு கான்ஸ்டபிள் தேடிய கழுவாய்



'தவறு செய்த போலீஸ்காரர் திருந்த முடியுமா?' இதுதான் இன்றைய கருத்தரங்கின் கேள்வி. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்குப் பதில் சொல்வது சுலபம். இடைவேளைக்கு முன் லஞ்சம் வாங்கிய இன்ஸ்பெக்டர், இடைவேளைக்குப் பின் வில்லனைச் சுட்டுவிட்டு நல்லவராகிவிடுவார். பார்க்கும் நாமும் கைதட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவோம்.

வாழ்க்கையில் அப்படி நடப்பதில்லை. காக்கிச் சட்டையோடு ஒருவர் செய்த குற்றம், சட்டையைக் கழற்றிய பிறகும் கூடவே வருகிறது. அதை இறக்கி வைக்க வழி இருக்கிறதா? இருந்தால் அதற்கு என்ன விலை? நானாக உபதேசம் செய்வதைவிட, நடந்த ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். முடிவை நீங்களே எடுங்கள்.

நாம் இருப்பது தம்போயில். இங்கிருந்து சில மைல் போனால் ஜொகூர் பாலம், அதைத் தாண்டினால் சிங்கப்பூர். ஒரு காலத்தில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களில் மலையாளிகள் ஏராளம். அந்தக் குடும்பங்கள் ஜொகூர் பாரு வட்டாரத்தில் நம்மோடு கலந்து வாழ்ந்தவை. நான் சொல்லப்போகும் கதை அவர்களுடைய ஊர்க் கதை. இடம் கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் உள்ள திருநெல்லி. கவனியுங்கள், திருநெல்வேலி அல்ல, திருநெல்லி. பிரம்மகிரி மலையடிவாரத்தில் காடு சூழ்ந்த ஊர். அங்கே பழைய விஷ்ணு கோயில் ஒன்று உண்டு. பக்கத்தில் ஓடும் ஓடைக்குப் 'பாபநாசினி' என்று பெயர். பாவத்தைப் போக்கும் தண்ணீர் என்று நம்பி, இன்றைக்கும் மக்கள் அங்கே போய் முன்னோருக்குப் பிதுர்க்கடன் செய்கிறார்கள். அந்த ஓடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயநாட்டில் நடந்தது என்ன?

1960களின் வயநாட்டில் அடியர், பணியர் என்ற பழங்குடி மக்கள் நிலவுடைமையாளர்களிடம் கொத்தடிமைகளாக இருந்தார்கள். மானந்தவாடிக்குப் பக்கத்தில் வள்ளியூர்க்காவு என்று ஒரு பகவதி கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே நடக்கும் திருவிழாவில்தான் அடுத்த ஓர் ஆண்டுக்கு யார் யாருக்கு அடிமை என்று பேசி முடிப்பார்கள். கையில் கொஞ்சம் முன்பணம், பிறகு ஆண்டு முழுவதும் கூலி என்ற பெயரில் கொஞ்சம் நெல். இந்தியாவில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது. அதுவரை இதுதான் நடைமுறை.

அந்த மக்களிடையே வேலை செய்ய வந்தவர் அரிக்காடு வர்கீஸ். வயநாட்டுக் கிறிஸ்துவக் குடும்பத்துப் பிள்ளை. மார்க்சிஸ்ட் கட்சியில் இருந்து, பிறகு நக்சல்பாரி பாதைக்குப் போனவர். பழங்குடி மக்கள் அவரைத் தங்கள் 'பெருமான்' என்றே அழைத்தார்கள். 1968 நவம்பரில் தலைச்சேரி, புல்பள்ளி போலீஸ் தாக்குதல்கள் கேரளத்தை உலுக்கின. புல்பள்ளியில் போலீஸ்காரர் ஒருவர் உயிரிழந்தார். 1970 பிப்ரவரியில் வயநாட்டில் நிலவுடைமையாளர்கள் கொல்லப்பட்டார்கள். வர்கீஸை மாலை போட்டு வணங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய இயக்கத்தின் கையில் ரத்தம் இருந்தது. அவரைப் பிடிப்பதும் நீதிமன்றத்தில் நிறுத்துவதும் போலீஸின் கடமை. நம் கேள்வி, பிடித்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான்.

1970 பிப்ரவரி 18. திருநெல்லிக் காட்டில் நடந்த மோதலில் நக்சலைட் தலைவர் வர்கீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று போலீஸ் அறிவித்தது. அவர் சுட்டார், போலீஸ் திருப்பிச் சுட்டது, இறந்தார். அவ்வளவுதான் கணக்கு. ஒரு சாவைப் பற்றி அரசாங்கக் காகிதம் ஒன்று சொல்லிவிட்டால், அதை எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? கோப்பு மூடப்பட்டது.

கையைத் தூக்காத ஒருவர்

அந்தக் காட்டில் அன்று நின்ற போலீஸ்காரர்களில் ஒருவர் ராமச்சந்திரன் நாயர். மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் சாதாரண கான்ஸ்டபிள். 28 ஆண்டுகள் கழித்து, 1998இல், அவர் பகிரங்கமாக வாய் திறந்தார்.

அவர் சொன்னது இதுதான். வர்கீஸ் மோதலில் சாகவில்லை. உயிரோடு பிடிபட்டார். ஆயுதமில்லாமல் கைதியாக நின்றார். அப்போது டி.எஸ்.பி.யாக இருந்த லட்சுமணா, அங்கிருந்த கான்ஸ்டபிள்களிடம், இவனைச் சுடத் தயாராக இருப்பவர் யார் என்று கேட்டார். மற்றவர்கள் கையைத் தூக்கினார்கள். நாயர் மட்டும் தூக்கவில்லை. அந்தத் தூக்காத கைதான் அதிகாரியின் கண்ணில் பட்டது. நீதான் சுட வேண்டும், மறுத்தால் நீயும் மோதலில் செத்ததாகக் கணக்கு எழுதப்படும் என்று மிரட்டல் வந்தது. நாயர் சுட்டார். மிக அருகில் நின்று, நெஞ்சில் சுட்டார்.

நேயர்களே, இங்கே ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். அந்த மனிதரை நீங்கள் என்ன சொல்வீர்கள்? கொலைகாரர் என்பீர்களா, பலியாள் என்பீர்களா? கொல்ல மனமில்லாதவர் என்பதால்தான் அவர் கையில் அந்த வேலை கொடுக்கப்பட்டது. எல்லாருடைய கையிலும் கறை இருந்தால்தான் யாரும் வெளியே பேச மாட்டார்கள். உலகம் முழுவதும் குற்றக் கும்பல்கள் கையாளும் உபாயம் இது. அதைக் காக்கிச் சட்டை கையாண்டபோது, அந்தக் காட்டில் போலீஸ் எது, கும்பல் எது என்ற வித்தியாசம் போய்விட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

மேலதிகாரி சொன்னார், செய்தேன். இந்தச் சாக்கு சட்டத்தில் எடுபடுமா?

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் உருவானது. நம் மலேசியத் தண்டனைச் சட்டத்துக்கும் அதுவே தாய். இரண்டிலும் பிரிவு 94 என்று ஒன்று உண்டு. உடனடியாக உயிர் போகும் என்ற மிரட்டலுக்குப் பயந்து ஒருவர் ஒரு செயலைச் செய்தால் அது குற்றமாகாது என்பது அதன் சாரம். ஆனால் அதற்கு விலக்கு உண்டு, அந்த விலக்கில் முதலில் நிற்பது கொலை. உன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவன் உயிரை எடுக்க உனக்கு உரிமையில்லை என்கிறது சட்டம். இந்தியாவில் 2024 ஜூலை முதல் தேதி புதிய தண்டனைச் சட்டம் வந்தது, பிரிவு எண் மாறியது. இந்தக் கொள்கை மட்டும் மாறவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நூரம்பர்க் நீதிமன்றத்தில் ஜெர்மானியத் தளபதிகள் 'உத்தரவு, செய்தோம்' என்று சொல்லிப் பார்த்தார்கள். அங்கும் அது அவர்களைக் காப்பாற்றவில்லை.

ஆகவே நாயர் 1998இல் வாய் திறந்தபோது அவர் சொன்னது ஒரு சோகக் கதை மட்டுமல்ல. கொலை வழக்குக்கான வாக்குமூலம். அதற்குக் காலவரம்பு கிடையாது. தண்டனை ஆயுள் அல்லது தூக்கு. 28 ஆண்டுகளாக யாரும் அவரைத் தேடவில்லை. எந்த விசாரணை அதிகாரியும் கதவைத் தட்டவில்லை. பேசாமல் இருந்திருந்தால் ஊரார் பார்வையில் ஓய்வு பெற்ற போலீஸ்காரராகவே கண்ணை மூடியிருப்பார். இவ்வளவும் இருந்தும் பேசினார்.

விளைவு என்ன தெரியுமா? கேரள உயர் நீதிமன்றம் 1999இல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. வழக்கு பதிவானது. அதில் குற்றவாளி எண் 1 ராமச்சந்திரன் நாயர். உத்தரவு போட்டதாகச் சொல்லப்பட்ட அதிகாரி லட்சுமணா, எண் 2. உண்மையைச் சொன்னவருக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைக்கவில்லை. பட்டியலில் முதலிடம் கிடைத்தது. அவர் அதிலிருந்து ஓடவில்லை.

தீர்ப்பைக் கேட்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 2006இல் காலமானார். ஆனால் வழக்கு அவரோடு சாகவில்லை. உடன் இருந்த இன்னொரு கான்ஸ்டபிள் சாட்சி சொன்னார். 2010 அக்டோபரில் கொச்சி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐ.ஜி. பதவி வரை உயர்ந்து ஓய்வு பெற்றிருந்த லட்சுமணா, எழுபது வயதைத் தாண்டிய நிலையில் ஆயுள் தண்டனை பெற்றார். மூன்றாவது குற்றவாளியாக நிறுத்தப்பட்டிருந்த முன்னாள் டி.ஜி.பி. ஒருவர் விடுவிக்கப்பட்டார். 40 ஆண்டுகளுக்கு முன் 'மோதல்' என்று மூடிய கோப்பு, 'கொலை' என்று திருத்தி எழுதப்பட்டது. 2021இல் வர்கீஸின் உடன்பிறந்தவர்களுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கக் கேரள அரசு முடிவு செய்தது. இதற்கெல்லாம் தொடக்கம் ஒரு கான்ஸ்டபிளின் வாக்குமூலம்.

மதுரையிலும் ஒரு காவலன் இருந்தான்

இந்த வரலாற்றைப் படித்தபோது எனக்குச் சிலப்பதிகாரம் ஞாபகம் வந்தது. கோவலன் கொலையுண்ட காட்சியை நினைத்துப் பாருங்கள். பொற்கொல்லன் காட்டிக் கொடுக்கிறான். அரசனின் காவலர்கள் வந்து பார்க்கிறார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று அவர்களுக்கே தயக்கம் வருகிறது. பொற்கொல்லன் பேசிப் பேசி அவர்களை மசிய வைக்கிறான். கடைசியில் அந்தக் கூட்டத்தில் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

பிறகு கண்ணகி வந்து வழக்குரைக்கிறாள். பாண்டியன் நெடுஞ்செழியன் தன் தவற்றை உணர்ந்து, தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு அந்த இடத்திலேயே உயிரை விடுகிறான். உத்தரவு போட்டவன் பொறுப்பேற்றான். அதனால்தான் கோவலனைக் கொன்ற ஆட்சிக்கு உரியவன் என்றாலும், நாம் அவனை இன்றுவரை மரியாதையோடு நினைக்கிறோம். வாளை வீசிய காவலன் என்ன ஆனான்? அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டானா? தூங்கினானா? அதைக் காப்பியம் நமக்குச் சொல்வதில்லை.

வயநாட்டில் கதை தலைகீழாக நடந்தது. உத்தரவு போட்டவர் பதவி உயர்ந்து போனார், கடைசிவரை குற்றத்தை ஏற்கவில்லை. ஆயுதம் ஏந்தியவர்தான் முன்னே வந்து, சுட்டது நான் என்றார். சிலப்பதிகாரத்தில் பேசாமல் போன அந்தக் காவலனுக்கு, 20ஆம் நூற்றாண்டில்தான் குரல் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வரலாற்றை வைத்து 'தலப்பாவு' என்ற மலையாளப் படம் 2008இல் வந்தது. மதுபால் இயக்கிய அந்தப் படத்தில் கான்ஸ்டபிளாக நடித்தவர் லால்.

இது போதுமா?

இப்போது எதிர்க் கேள்விக்கு வருவோம். சிலர் கேட்கலாம், இதில் என்ன பெருமை? 28 ஆண்டு கழித்துச் சொன்னால் செத்தவர் திரும்பி வருவாரா? அத்தனை ஆண்டு வர்கீஸின் குடும்பம் பட்ட வேதனைக்கு யார் பதில் சொல்வது? நியாயமான கேள்வி. 1970இலேயே நாயர் பேசியிருந்தால் எத்தனையோ மாறியிருக்கும். அந்த 28 ஆண்டை அவராலும் திருப்பித் தர முடியாது, யாராலும் முடியாது.

ஆனால் திருந்துதல் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்கும் கழுவாய்க்கும் வித்தியாசம் உண்டு. கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்ளலாம். அன்னதானம் செய்யலாம். தனிமையில் அழலாம். இவையெல்லாம் செய்தவரின் மனச்சுமையைக் குறைக்கும். பாதிக்கப்பட்டவருக்கு இதனால் என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்க வேண்டிய முதல் பொருள் உண்மை. அந்த உண்மை, செய்தவர் கையில் பூட்டிக் கிடக்கிறது. அவர் அதை எடுத்துக் கொடுத்து, அதற்கான விலையையும் தானே கட்ட முன்வந்தால் அதுதான் கழுவாய். தனக்கு நஷ்டமில்லாத மன்னிப்பு மலிவானது. தன்னைக் குற்றவாளி எண் 1 ஆக்கிய மன்னிப்பை அப்படித் தள்ளிவிட முடியாது.

28 ஆண்டு காத்திருக்க வேண்டுமா?

இன்னொரு போலீஸ்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவர் எந்தக் குற்றமும் செய்யாதவர். ஆனால் நாயர் நின்ற அதே முச்சந்தியில் நின்றவர். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம், 2020 ஜூன். ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவரையும் போலீஸ் கொண்டுபோனது. சில நாள்களில் இருவரும் கோவில்பட்டியில் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரிடம், அந்த நிலையத்தின் தலைமைக் காவலர் ரேவதி உண்மையைச் சொன்னார். இரவு முழுவதும் அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்தது என்றார். உடன் வேலை பார்ப்பவர்கள் சுற்றி நிற்கும்போது, நடுங்கிக்கொண்டே சொன்ன வாக்குமூலம் அது. கையெழுத்துப் போடவே பயந்தார், பிறகு போட்டார். அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

நாயருக்கு 28 ஆண்டு ஆனது. ரேவதிக்குச் சில நாள்கள்தான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ரேவதியின் துணிச்சல் பெரியது, மறுக்கவில்லை. ஆனால் அவர் எதிரே ஒரு நடுவர் உட்கார்ந்து கேட்டார். அவருக்குப் பின்னால் ஓர் உயர் நீதிமன்றம் நின்றது. 1970இல் திருநெல்லிக் காட்டில் கையைத் தூக்காத கான்ஸ்டபிளுக்கு அப்படி யாருமில்லை.

நம் நாட்டுக்கும் இந்தப் பாடம் தேவை. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் ஆ.குகன் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. நுரையீரலில் நீர் கோத்து இறந்தார் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. இரண்டாவது பரிசோதனை அடித்த காயங்களைப் பட்டியலிட்டது. ஒரே ஒரு கான்ஸ்டபிள் கூண்டில் நின்றார். காயம் விளைவித்த குற்றத்துக்காக 2012இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2013இல் உயர் நீதிமன்றம் குகன் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. ஒரு போலீஸ் நிலையத்தில் ஒருவர் அப்படி அடிபடும்போது, பார்த்தவர், கேட்டவர், கதவைச் சாத்திக்கொண்டவர் என்று வேறு யாருமே இல்லையா? ஒரு ரேவதி அங்கே ஏன் பேசவில்லை?

போலீஸ் சீர்திருத்தத்துக்கான அரச விசாரணை ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனிச் சுயேச்சை ஆணையம் வேண்டும் என்பது அதில் முக்கியமானது. பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு போலீஸ் நடத்தை ஆணையச் சட்டம் 2022இல் நிறைவேறி, 2023 ஜூலையில் நடப்புக்கு வந்தது. முன்பு கேட்ட அளவு அதிகாரம் இதற்கு இல்லை என்ற குறை இருக்கிறது. அந்த விவாதம் நடக்கட்டும். நான் பார்ப்பது வேறு கோணம். இப்படிப்பட்ட ஆணையங்கள் அடிபட்டவர்களுக்காக மட்டும் தேவைப்படுபவை அல்ல. அடிக்க மனமில்லாமல் அந்த அறையில் நிற்கும் கான்ஸ்டபிளுக்காகவும் தேவைப்படுபவை. 'முடியாது' என்று சொன்னால் தனக்குப் பின்னால் சட்டம் நிற்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால், 28 ஆண்டு நெஞ்சில் நெருப்பைச் சுமக்கும் நிலை இன்னொருவருக்கு வராது.

நம் வீட்டுப் பிள்ளைகளும் போலீஸில் சேருகிறார்கள். சேர வேண்டும், அது நமக்குப் பெருமை. தீட்சை பெறும் அணிவகுப்பில் பிள்ளை சீருடையோடு நடப்பதைப் பார்த்துக் கண் கலங்கும் பெற்றோர், அன்றைக்கு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்ப வேண்டும். மேலதிகாரிக்குக் கீழ்ப்படி, ஆனால் எல்லா மேலதிகாரிக்கும் மேலே சட்டம் இருக்கிறது என்பதை மறக்காதே. கையைத் தூக்கச் சொல்லும் நாள் வந்தால் தூக்காதே. அதற்காக வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா, நாங்கள் இருக்கிறோம். இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எந்த ஆணையத்தின் அனுமதியும் நமக்குத் தேவையில்லை.

'தவறு செய்த போலீஸ்காரர் திருந்த முடியுமா?' என்று கேட்டோம். முடியும். ஆனால் பாபநாசினியில் முங்கி எழுந்தால் முடியாது. ராமச்சந்திரன் நாயர் சுட்ட இடத்துக்கு அருகிலேயே அந்த ஓடை ஓடிக்கொண்டிருந்தது. பாவம் தீர அதில் குளிக்கலாம் என்றுதான் ஊரே நம்பியது. அவரோ நீதிமன்றக் கூண்டைத் தேடிப் போனார்.